கதைப் பெட்டியைத் திறக்கும் மாதம்

பெரியம்மா எனக்கு விட்டுச் சென்றது ஒரு தகரப் பெட்டி. அதில் 37 கதைப் புத்தகங்கள் இருந்தன. துணி அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த தேவதைக் கதைகள், அட்டையே இல்லாத ஓர் எழுத்துப் புத்தகம், விரித்தால் கோட்டை எழுந்து நிற்கும் மடிப்புப் புத்தகம் ஒன்று (ஒரு கோபுரம் மட்டும் எழாது), ஓரமெல்லாம் பூனைக்குட்டி கடித்துவைத்த மிருகக் கதை. இவற்றுக்கு நடுவே பழைய வாழ்த்து அட்டைகள், நெஞ்சில் சாயம் உரிந்த மரச் சிப்பாய், சாவி கொடுத்தால் இன்றும் நாலடி ஓடும் தகர முயல். 11 வருடங்களாக நவம்பர் கடைசி ஞாயிறன்று அந்தப் பெட்டியைத் திறக்கிறேன். எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் அதற்குள்ளிருந்துதான் வருகிறது.

வீடு சின்னது. கூடம் 10 அடிக்கு 12 அடி, ஒரே ஒரு ஜன்னல். டிசம்பரில் வருகிறவர்கள் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். எப்படிச் செய்கிறாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு விஷயங்களில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அலங்காரத்துக்கு வைத்த புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்க முடிய வேண்டும். ஜனவரியில் அது எந்தக் குறையும் இல்லாமல் பெட்டிக்குத் திரும்ப வேண்டும்.

முதலில் ஒரே ஒரு படம்

பெட்டியைத் திறந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பத் தோன்றும். வேண்டாம். ஒரு படத்தைத் தேடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து, அவசரமில்லாமல் புரட்டுங்கள். எந்தப் பக்கத்தில் கை நிற்கிறதோ அதுதான் இந்த வருடத்துப் படம்.

போன வருடம் எனக்குக் கிடைத்தது இது: பனி மூடிய ஒரு குடிசை, ஒற்றை ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், வேலிக்கு வெளியே ஒரு நரி நின்று அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. படத்தில் மொத்தம் நான்கு நிறங்கள். செங்கல் சிவப்பு, ஆலிவ் பச்சை, காவி மஞ்சள், பழுப்பேறிய வெள்ளை. கூடத்தில் அந்த மாதம் இந்த நான்கைத் தவிர வேறு நிறம் எதையும் வைக்கவில்லை.

இந்த நிறங்கள் கண்ணுக்கு இதமாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கால அச்சுமுறை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டனில் எட்மண்ட் எவான்ஸ் என்ற அச்சுக்காரர் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களை மரக்கட்டைகளைக் கொண்டு அச்சிட்டார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மரக்கட்டை செதுக்கி, ஒரே தாளை ஒவ்வொன்றின் கீழும் மறுபடி மறுபடி கொடுத்து எடுக்க வேண்டும். ஒரு நிறம் கூடினால் ஒரு கட்டையும் ஓர் அச்சும் கூடும். அதனால் நிறங்கள் குறைவாகவும் ஒன்றோடொன்று இணங்கியும் இருந்தன. 1900-ஐ ஒட்டி மூவண்ண அச்சு பரவியபின் வந்த புத்தகங்களில், பளபளப்பான தாளில் தனியாக அச்சிட்டு ஒட்டிய படங்களைப் பார்க்கலாம். அவற்றில் தேன் நிறமும் மங்கிய தங்கமும் சாம்பல் நீலமும் அதிகம். உங்கள் கையில் இருப்பது முதல் வகையா இரண்டாம் வகையா என்று பார்த்துக்கொண்டால் அறையின் நிறம் பாதி முடிவாகிவிடும். கடையில் விற்கும் பளீர்ச் சிவப்பும் பளீர்ப் பச்சையும் இந்தப் பழைய தாளுக்குப் பக்கத்தில் வந்தால், புத்தகம் அழுக்காகத் தெரியும். உண்மையில் அது அழுக்கில்லை, பக்கத்தில் வைத்த பொருள் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான்.

படம் முடிவானதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். துணி அலமாரி, சமையலறை, கட்டிலடி எல்லாம். எனக்குக் கிடைத்தவை: கணவரின் பழைய செங்கல் சிவப்புக் கம்பளிப் போர்வை, ஒரு பச்சைக் கண்ணாடிக் குப்பி, காவி நிறத்தில் மூன்று மண் கிண்ணங்கள், பழுப்பேறிய லேஸ் துணி. எதையும் வாங்கவில்லை.

எதை வெளியே வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

அடுத்த வேலை புத்தகங்களைத் தரம் பிரிப்பது. சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்காதீர்கள்.

முதலில் முகர்ந்து பாருங்கள். பழைய தாளின் இனிப்பான வாசனை நல்லது. நமத்துப்போன மண் வாசனை வந்தால் அதில் ஈரம் இருந்திருக்கிறது. அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். மூடியுள்ள ஒரு பெரிய டப்பாவில் கீழே ஒரு கிண்ணம் சோடா உப்பு வைத்து, அதன் மேல் கம்பி வலைத் தட்டு போட்டு, புத்தகத்தைச் சற்றே விரித்த நிலையில் நிறுத்தி மூடிவிடுங்கள். சோடா உப்பு தாளில் படக் கூடாது. ஒரு வாரம், பத்து நாளில் வாசனை நன்றாகக் குறையும். தாளின் மேல் பஞ்சுபோல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று, நன்றாகக் காய்ந்தபின் மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். அந்த வருடம் அது அலங்காரத்துக்கு வேண்டாம்.

ஓரங்களில் தாறுமாறாகச் சுரண்டினாற்போல் இருந்தால் ராமபாணப் பூச்சி இருக்கிறது. ஈரமும் இருட்டும் இருக்கும் இடத்தில்தான் அது பெருகும். பசைக்காகத்தான் பெரும்பாலும் வருகிறது, அதனால் அட்டையின் உள்மூலைகளைக் கவனியுங்கள்.

பழுப்பேறிய தாளைப் பார்த்து யாரும் வருந்த வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தாள் மரக்கூழால் செய்யப்பட்டது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுக்கும். மை பரவாமலிருக்கப் படிகாரம் சேர்த்ததால் தாளில் அமிலமும் சேர்ந்தது. அதனால்தான் 1920-இல் வந்த புத்தகம் தொட்டால் உதிர்கிறது, 1780-இல் கந்தைத் துணிக் கூழால் செய்த தாள் இன்றும் வளைகிறது. ஓரம் உதிரும் புத்தகத்தை மூடியபடி, படுக்கவைத்து, எட்டாத உயரத்தில் வையுங்கள். அட்டை அழகாக இருந்தால் அதுவே போதும்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உங்களிடம் 1840-களிலிருந்து 1860-கள் வரை வந்த, பளிச்சென்ற மரகதப் பச்சைத் துணி அட்டைப் புத்தகம் இருந்தால் அதை அலங்காரத்தில் சேர்க்காதீர்கள். அந்தக் காலத்தில் அந்தப் பச்சைக்குத் தாமிரமும் ஆர்சனிக்கும் கலந்த சாயத்தைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் டெலவேரிலுள்ள வின்டர்தூர் அருங்காட்சியகம் 2019-இல் இப்படிப்பட்ட அட்டைகளைத் தேடிச் சோதிக்கத் தொடங்கியது. அதன்பின் பல நூலகங்கள் தங்கள் பச்சை அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தன. சந்தேகம் இருந்தால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே எழுதி, குழந்தைகள் கை படாத இடத்தில் வையுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பின்னாளில் வந்த பச்சை அட்டைகள் எல்லாவற்றையும் இதற்காகப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை, இந்தப் பிரச்சினை குறிப்பிட்ட சில பத்தாண்டுகளுக்கு உரியது.

கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பு வரியாக நின்றுவிடும், பிளாஸ்டிக் மட்டும் உதிர்ந்து விழும். மெல்லிய ஜப்பானியத் தாளைக் கையால் கிழித்து (கத்தரித்தால் விளிம்பு தெரியும்), கோதுமை மாவுச்சத்துப் பசையை மிக இலேசாகத் தடவி ஒட்டி, மேலே கனம் வைத்து ஓர் இரவு விடுங்கள். இந்தப் பசையை நீர் கொண்டு பின்னால் எடுத்துவிடவும் முடியும்.

அந்த நட்சத்திரம்

முதல் வருடம் நான் ஒரு தவறு செய்தேன். அட்டை போன ஒரு புத்தகத்தைப் பார்த்து, இது ஏற்கெனவே கெட்டுப்போனதுதானே என்று நினைத்து, அதன் பக்கங்களை வெட்டி மரத்துக்கு நட்சத்திரங்கள் செய்தேன். எட்டு நட்சத்திரங்கள், அழகாகவே வந்தன. கடைசி நட்சத்திரத்தைத் தொங்கவிடும்போது அதன் பின்புறம் பென்சில் எழுத்து தெரிந்தது. பெரியம்மாவின் கையெழுத்து. "டிசம்பர் 1958. என் செல்லத்துக்கு, இதை முதலில் நீ படி, அப்புறம்" என்பது வரை இருந்தது. மிச்சத்தை நான் வெட்டி எறிந்திருந்தேன். குப்பையை எத்தனை முறை கிளறியும் அந்தத் துண்டு கிடைக்கவில்லை. "அப்புறம்" என்ன என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் வெட்டுவதில்லை, எவ்வளவு சிதைந்ததாக இருந்தாலும். நகலெடுக்கிறேன். நகலை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், சாயம் போடலாம், பாழானால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

நகலெடுக்க ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ-இல் எடுங்கள், பெரிதாக்கினாலும் கோடுகள் நிற்கும். ஆனால் இறுக்கமாகத் தைத்த புத்தகத்தை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீர்கள், முதுகு உடைந்துவிடும். அப்படிப்பட்டவற்றைப் பாதி விரித்து, ஒரு பக்கம் தலையணையில் சாய்த்து, மேகமூட்டமான பகலில் ஜன்னலோரம் வைத்து செல்போனிலேயே படமெடுங்கள். போன் பக்கத்துக்கு நேர் இணையாக இருக்க வேண்டும், ஃபிளாஷ் வேண்டாம். பளபளப்பில்லாத, 160 முதல் 200 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளில் அச்செடுங்கள். தூய வெள்ளைத் தாள் கண்ணை உறுத்தினால், ஆறிய தேயிலைத் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து ஒரு தாளில் தடவிக் காயவைத்துப் பாருங்கள். இங்க்ஜெட் அச்சு கரையும் என்பதால் தேயிலையை முதலில் தடவி, நன்றாகக் காய்ந்து தட்டையானபின் அச்செடுக்க வேண்டும்.

வீட்டுச் சுவரோடு நிற்காமல் இந்த நகல்களை விற்கவோ வெளியிடவோ நினைத்தால், ஓவியர் இறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பாருங்கள். பல நாடுகளில் 70 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், சில நாடுகளில் 60 அல்லது 50.

வெளிச்சம் எரியும் ஜன்னல்

எங்கள் கூடத்தின் நடுநாயகம் ஒரு காட்சிப் பெட்டி. ஒவ்வொரு வருடமும் அந்த வருடத்துப் படத்தை வைத்துப் புதிதாகச் செய்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, கத்தரிக்கும் வேலை அவளுடையது. கட்டர் பிடிக்கும் இடங்கள் என்னுடையவை.

ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. உயரம், 10 செ.மீ. ஆழம். மூடியை எடுத்துவிட்டு, நீளப் பக்கம் தரையில் படும்படி நிறுத்தினால் அது ஒரு மேடை. படத்தை அந்த அளவுக்குப் பெரிதாக்கி மூன்று நகல்கள் எடுங்கள். முதல் நகல் பின்னணி: வானம், தூரத்து மலை, வெட்டாமல் அப்படியே. இரண்டாவதில் குடிசையையும் அதன் தரையையும் மட்டும் வெட்டி எடுங்கள். மூன்றாவதில் வேலி, முன்னால் இருக்கும் மரங்கள், நரி. ஒவ்வொன்றையும் மெல்லிய அட்டையில் ஒட்டி, காய்ந்தபின் வெட்டுங்கள். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு ஒட்டினால் ஓரங்கள் சுருண்டுவிடும்.

இப்போது முக்கியமான இடம். குடிசையின் ஜன்னலைக் கட்டரால் அறுத்து எடுத்துவிடுங்கள். ஜன்னல் சட்டங்களின் குறுக்குக் கோடுகளை விட்டுவிட்டு நான்கு சின்னக் கட்டங்களை மட்டும் அறுக்க முடிந்தால் இன்னும் அழகு, அதற்குப் புதிய பிளேடு வேண்டும். பின்புறம் ஒரு துண்டு டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். மஞ்சள் பென்சிலால் அதில் இலேசாகத் தீட்டுங்கள்.

வானம் பெட்டியின் பின்சுவரில் ஒட்டப்படும். அதற்கு 5 செ.மீ. முன்னால் குடிசை. அதற்கும் 3 செ.மீ. முன்னால் வேலியும் நரியும். இடைவெளிக்கு அட்டைப் பட்டைகளை 'ப' வடிவில் மடித்து அடுக்குகளின் பின்னால், ஓரங்களில் மறைவாக ஒட்டிவிடலாம். குடிசைக்கும் வானத்துக்கும் நடுவேயுள்ள இடத்தில் பேட்டரியில் எரியும் குட்டி எல்இடி சரத்தைச் சுருட்டி வையுங்கள். பெட்டியின் பின்னால் ஒரு துளையிட்டு பேட்டரிக் கூட்டை வெளியே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் அணைக்க ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் கைவிட வேண்டிவரும். வெளிச்சம் கூரைக்கு மேல் கசிந்தால் குடிசையின் பின்புறம் கறுப்புத் தாளில் ஒரு சின்னக் கூண்டு செய்து, அதற்குள் விளக்கை அடக்குங்கள். வெளிச்சம் அந்த நான்கு கட்டங்கள் வழியாக மட்டுமே வர வேண்டும்.

முதல்முறை அறை விளக்கை அணைத்துவிட்டு இதைப் போட்டபோது மகள் நரியின் பக்கம் குனிந்து, "அதுக்குக் குளிரும்ல அம்மா?" என்றாள். அன்றே அந்தப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்து, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில், ஒரு முக்காலியின் மேல் வைத்தேன். நின்று பார்த்தால் பெட்டியின் மேல்விளிம்பு மறைக்கும், உட்கார்ந்தால் முழுதாகத் தெரியும். வருகிறவர்கள் தரையில் உட்காருவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மரத்துக்குத் தொங்கவிட நகல்களிலிருந்தே சின்ன உருவங்களை வெட்டலாம். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே உருவத்தை (ஒன்றைக் கணினியில் இடவலமாகத் திருப்பி அச்செடுத்து) ஒட்டினால், சுழலும்போது வெள்ளை முதுகு தெரியாது. நடுவே நூலைக் கொடுத்து ஒட்டிவிடுங்கள்.

புத்தகங்களை உட்காரவைப்பது

புத்தகங்களை அடுக்கி மரம்போலக் கட்டுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது பிடிக்காது. அடியில் இருக்கும் புத்தகத்தை ஒரு குழந்தை கேட்டால் எடுத்துக் கொடுக்க முடியாது. விரித்துக் கவிழ்த்து வைப்பதால் முதுகும் போய்விடும். ஐந்து புத்தகங்களுக்கு மேல் நான் அடுக்குவதில்லை. பெரியது அடியில், சின்னது மேலே, மேலே மரச் சிப்பாய். இப்படி இரண்டு அடுக்கு, சுவரோரம். போதும்.

விரித்து வைக்கும் புத்தகத்துக்கு இரண்டு பக்கமும் தாங்கல் வேண்டும். இரண்டு கைத்துண்டுகளைச் சுருட்டி, லேஸ் துணியால் மூடி, நடுவில் முதுகு அமரும்படி வைத்தால் போதுமானது. எவ்வளவு சுலபமாக விரிகிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கங்கள் தானாக மூடிக்கொண்டால் கல்லோ கிளிப்போ வைக்காமல், ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிய தெளிவான பிளாஸ்டிக் தாளால் அட்டையோடு சேர்த்துச் சுற்றிவிடுங்கள். பக்கம் திருப்பும்போது மேல்மூலையைப் பிடிக்க வேண்டும். "கீழ ஓரத்தை நகத்தால நெம்பாதே கண்ணு, மேல பிடி" என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். கையுறை அவசியமில்லை. கழுவித் துடைத்த வெறுங்கைதான் தாளை உணரும்.

ஜன்னலுக்கு எதிர்மூலையில் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். அதில் கம்பளிப் போர்வையும் உறுதியான ஏழெட்டுப் புத்தகங்களும். அவற்றை யாரும் கேட்காமல் எடுக்கலாம். பக்கத்தில் குட்டை விளக்கு, ஒரு திண்டு. வீட்டில் வேறெதையும் செய்ய நேரமில்லையென்றால் இந்த மூலையை மட்டுமாவது செய்யுங்கள்.

பழைய பொம்மைகளும் கண்ணாடி உருண்டைகளும்

சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மெல்லிய கண்ணாடி உருண்டைகளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கரைந்து துணியோடு வந்துவிடும். உலர்ந்த மென்பிரஷ் போதும். ஜெர்மனியின் லவ்ஷா என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வாயால் ஊதிச் செய்துவந்த உருண்டைகள் மிக மெல்லியவை. மரத்தின் மேல்பாதியில், கிளையின் உட்பக்கமாகத் தொங்கவிடுங்கள். 1970-களின் தொடக்கம் வரை விற்ற கனமான வெள்ளி ஜரிகைச் சரங்களில் ஈயம் இருக்கலாம், பழைய தகரப் பொம்மைகளின் சாயத்திலும் அப்படியே. எங்கள் தகர முயல் உயரமான தட்டில்தான் உட்காரும். சாவி கொடுப்பது பெரியவர்கள், பார்ப்பது குழந்தைகள்.

விளக்கு, அதோடு வாசிப்பு

மெழுகுவர்த்தி வேண்டாம். தாளும் துணியும் காய்ந்த கிளையும் நிறைந்த அறை இது. மின்விளக்கு மரத்துக்கு வந்தே வெகுகாலமாகிவிட்டது: 1882-இல் நியூயார்க்கில் எட்வர்ட் ஜான்சன் 80 சின்னப் பல்புகளைத் தன் வீட்டு மரத்தில் சுற்றி எரியவிட்டார். இன்றைய எல்இடி சூடாவதும் குறைவு. வாங்கும்போது பெட்டியில் 2700 கெல்வின் என்றோ வார்ம் ஒயிட் என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை விளக்கில் பழைய தாள் பிணம்போல் வெளிறும். விட்டு விட்டு மின்னும் சீரியல் விளக்கை ஒரே சீராக எரியும்படி மாற்றி வையுங்கள், மின்னும் வெளிச்சத்தில் யாராலும் படிக்க முடியாது.

வெளிச்சம் தாளுக்குச் செய்யும் கேடு சேர்ந்துகொண்டே போகும், அதைச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் அருங்காட்சியகங்களில் தாளோவியங்கள் மேல் 50 லக்ஸ் அளவு வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை. வீட்டில் அளந்துகொண்டிருக்க முடியாது. நேர் வெயில் படாமல் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பக்கத்தைத் திருப்பினால் ஒரே பக்கம் எல்லா வெளிச்சத்தையும் வாங்காது. நாங்கள் இதைத் தினசரி வேலையாகவே ஆக்கிக்கொண்டோம். டிசம்பர் 1 முதல் 24 வரை ஒவ்வோர் இரவும் எட்டு மணிக்கு, அறை விளக்கை அணைத்து, குட்டை விளக்கை மட்டும் போட்டு, விரித்துவைத்த புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் வாய்விட்டு வாசிப்போம். நாளைக்குரிய பக்கத்தைத் திருப்பும் உரிமை மகளுக்கு. கதை நீளமாக இருந்தால் 24-ஆம் தேதி முடியும்படி முன்கூட்டியே பிரித்துக்கொள்வேன்.

பழைய கதைப் புத்தகங்களின் முதல் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தால் டிசம்பர் தேதி போட்ட பல புத்தகங்கள் கிடைக்கும். கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் கொடுப்பது அவ்வளவு பழைய வழக்கம். ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் கிறிஸ்துமஸ் கதையை 1843 டிசம்பர் 19 அன்று, பண்டிகைக்கு ஆறே நாள் முன்னதாக வெளியிட்டார். அதே டிசம்பரில்தான் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் முதன்முதலாக விற்பனைக்கென்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அச்சிட்டார். பெரியம்மாவின் பெட்டியில் 37-இல் 14 புத்தகங்கள் டிசம்பரில் யாரோ யாருக்கோ கொடுத்தவை. படமே வேண்டாம், அந்தக் கையெழுத்துப் பக்கத்தை விரித்து வையுங்கள். மங்கிய மை, ஒரு பெயர், ஒரு தேதி. வீட்டுக்கு வந்தவர்கள் அதிக நேரம் நிற்பது எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தின் முன்னால்தான்.

எடுத்து வைப்பது

ஜனவரி 6 அன்று எல்லாம் உள்ளே போகும். ஒவ்வொரு புத்தகத்தையும் மென்பிரஷ்ஷால் மேல்விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, அமிலமில்லாத டிஷ்யூ தாளில் சுற்றி, பெரியவற்றைப் படுக்கவைத்து அடுக்குவேன். ரப்பர் பேண்டு போடாதீர்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் கட்டையின் மேல் வையுங்கள், குளியலறைச் சுவரோரம் வேண்டவே வேண்டாம். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் இந்த வருடம் வெளிச்சத்தில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் செருகிவிட்டால், அடுத்த வருடம் வேறு பக்கத்துக்கு முறை வரும்.

பெட்டியில் இப்போது 48 புத்தகங்கள். வருடத்துக்கு ஒன்று மகளுக்கென்று சேர்க்கிறேன். முதல் பக்கத்தில் தேதியும் இரண்டு வரியும் எழுதுகிறேன், பென்சிலில், ஏனென்றால் பேனா மை ஈரம் பட்டால் பரவிவிடும். பக்கத்தின் நடுவில் எழுதுகிறேன், ஓரத்தில் எழுதுவதில்லை. பாதி எழுத்தோடு நிற்கும் அந்த நட்சத்திரம் இன்றும் எங்கள் மரத்தில் ஏறுகிறது. கடைசியாக இறங்குவதும் அதுதான், டிஷ்யூவில் மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டு மூடியைச் சாத்துவேன்.